ஆர் என்று ஒரு பட்டன்

எங்கள் ஆபீசில் இரண்டு மாதம் முன்பு ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். இருபத்திரண்டு வயது, வாலாஜாவிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். எக்ஸெல்லில் நான் அரை நாள் உட்கார்ந்து போடுகிற கணக்கை டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவாள். மேஜைமேல் இருக்கிற போன் அடித்தால் மட்டும், எடுக்க வேறு யாராவது இருக்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்ப்பாள்.

சேர்ந்த மூன்றாம் நாள் சென்னை பெரியமேட்டிலிருந்து ஒரு பார்ட்டி கூப்பிட்டிருக்கிறார். பில் விஷயமாக அக்கவுண்ட்ஸில் பேசவேண்டுமாம். இவள் "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிற லிஸ்டைப் பார்த்து 215 என்று மூன்று பட்டனை அழுத்தினாள். பிறகு ரிசீவரைப் பூப்போல வைத்துவிட்டாள். பார்ட்டியின் காதில் பீப் பீப் பீப் என்று மூன்று சத்தம் விழுந்ததுதான் மிச்சம். அவர் திரும்பக் கூப்பிட்டுத் திட்டியது என்னை.

"டிரான்ஸ்ஃபர்னு பட்டனே இல்லியே சார்?"

"ஆர்னு ஒண்ணு இருக்குதே, அது எதுக்கும்மா?"

"அது ரீடயல் சார்."

அப்படித்தான் நினைக்கத் தோன்றும். ஆனால் அந்த ஆர், ரீகால். சில போனில் அதையே ஃப்ளாஷ் என்று முழுசாக அச்சடித்திருப்பார்கள். ரீடயலுக்கு வளைந்த அம்புக்குறி போட்ட பட்டன் தனியாக ஒன்று இருக்கும். அவளை நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. 1998ல் இதே ஆபீசில் சேர்ந்த முதல் வாரத்தில் நான் கட் பண்ணின கால்கள் எத்தனை என்று கேட்டால் ஆபரேட்டர் அக்கா கணக்கு வைத்திருப்பாள்.

ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனி எங்களுடையது. முன்னால் ஆபீஸ், பின்னால் ஷாப். எங்கள் பக்கம் தோல் பதனிடுகிற இடத்தை ஷாப் என்றுதான் சொல்வோம். கடை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். வெளியே போக இரண்டு லைன், உள்ளே இருபத்துச் சொச்சம் எக்ஸ்டென்ஷன், நடுவில், வெளி லைனையும் உள்ளே இருக்கிற போன்களையும் இணைத்துக் கொடுக்கிற, சுவரில் மாட்டிய ஒரு ஈபிஏபிஎக்ஸ் பெட்டி. அந்தப் பெட்டிக்கு நேர் கீழே அக்காவின் மேஜை. ஆற்காட்டுக்காரி. தினம் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி வருவாள். ஆற்றில் எப்போதாவது தண்ணீர் வந்தால் அந்தச் செய்தி அவள் வாயிலிருந்துதான் ஆபீசுக்கு வரும்.

எனக்குக் கொடுத்த போனில் ஆர் பட்டன்கூட இல்லை. கருப்பு போன், பழசு. யாருக்காவது லைனை மாற்றிக் கொடுக்கவேண்டும் என்றால் ரிசீவர் உட்காரும் இடத்தில் இருக்கிற கொம்பை ஒரு தட்டு தட்டவேண்டும். டயல் டோன் வரும், அப்புறம் எக்ஸ்டென்ஷன் நம்பர். இவ்வளவுதான் என்று அக்கா சொல்லிக்கொடுத்தாள். ஆம்பூரிலிருந்து கால் வந்தது. நான் கொம்பை அழுத்தினேன், நன்றாகவே அழுத்தினேன். லைன் போய்விட்டது.

"இன்னாப்பா, கட் பண்ணிட்டியா?"

"நீங்க சொன்ன மாதிரிதாங்க்கா அமுக்கினேன்."

"அமுக்கினே இருந்தா கட்டாவாம இன்னா ஆவும்? தட்டிட்டு விடுப்பா, கொசு அடிக்கிற மாதிரி."

அடுத்த தடவை கொசு அடிக்கிற மாதிரியே தட்டினேன். லைன் போகவில்லை. டயல் டோனும் வரவில்லை. ஆம்பூர்க்காரர் "ஹலோ, ஹலோ, இன்னா டக்குனு சத்தம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது தட்டு சரியாக விழுந்தது. ஆனால் அதில் என் திறமை எதுவும் கிடையாது.

இது ஏன் இப்படி என்று எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆனது. புரியவைத்தவர் ஒரு லைன்மேன். அவர் சொன்னது இன்றைக்கும் எனக்குப் பாடம் மாதிரி ஞாபகம் இருக்கிறது. போனிலிருந்து போவது இரண்டே இரண்டு ஒயர். அதில் சுமார் 48 வோல்ட் எப்போதும் நிற்கிறது. ரிசீவரை எடுத்தால் கரண்ட் ஓடும், வைத்தால் நிற்கும். ஓடுகிறதா, நிற்கிறதா, எவ்வளவு நேரம் நின்றது: பெட்டிக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பழைய சுழற்றும் டயல் போன் நம்பரைச் சொல்வதும் இதே வழியில்தான். 5ஐச் சுற்றி விட்டால் டயல் திரும்பி வரும்போது கரண்ட்டை ஐந்து தடவை விட்டு விட்டு வெட்டும், நொடிக்குப் பத்து வெட்டு என்கிற வேகத்தில். 0 என்றால் பத்து வெட்டு.

ஆகையால், கொம்பின்மேல் விழும் ஒரே தட்டுக்கு மூன்று அர்த்தம். மிகச் சிறிசாகத் தட்டினால் '1' என்று டயல் பண்ணினதாகப் பெட்டி எடுத்துக்கொள்ளும். அரை நொடி போலத் தட்டினால், "கொஞ்சம் இரு, உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது" என்று அர்த்தம். அதுதான் ஃப்ளாஷ். ஒரு நொடியைத் தாண்டி அழுத்தினால் பேச்சு முடிந்தது, வைத்துவிட்டான் என்று அர்த்தம். ஆம்பூர்க்காரர் கேட்ட டக் சத்தம் நான் அவருக்கு நடுவே போட்ட '1'.

ஆர் பட்டன் செய்வது இந்தத் தட்டைத்தான். விரலுக்குப் பதில் உள்ளே இருக்கிற சர்க்யூட் அளந்து தட்டுகிறது. நீங்கள் எவ்வளவு நேரம் அழுத்தினாலும் அது தன் அளவுக்கு வெட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளும். நம் ஊர் போன்களில் அந்த அளவு பெரும்பாலும் 600 மில்லிசெகண்ட். இது ஊருக்கு ஊர் மாறும். எங்கள் முதலாளியின் மகன் ஒரு தடவை ஜெர்மனிக்குத் தோல் கண்காட்சிக்குப் போய்விட்டு வரும்போது அழகான போன் ஒன்று வாங்கி வந்தார். வெள்ளை நிறம், தொட்டாலே வழுக்கும். ஆர் அழுத்தினால் ஒன்றும் நடக்காது. அந்த ஊர்ப் பழக்கப்படி அதில் 100 மில்லிசெகண்ட் வைத்திருந்தார்கள். எங்கள் பெட்டி அதை ஃப்ளாஷ் என்று கண்டுகொள்ளவே இல்லை. செட்டிங்கில் போய் 600 ஆக்கியபிறகு வழிக்கு வந்தது. ஆர் பட்டன் வேலை செய்யவில்லை என்று போனைத் தூக்கிப் போடப்போகிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

இந்தக் கொம்பு தட்டும் கலையில் எங்கள் வாட்ச்மேன் மன்னன். இரவில் யாரும் டிரங்கால் பேசிவிடக் கூடாது என்று முதலாளி ஷெட்டில் இருந்த டயல் போனுக்குப் பூட்டுப் போட்டிருந்தார். டயல் ஓட்டையில் மாட்டுகிற குட்டிப் பூட்டு, பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். வாட்ச்மேன் டயலைத் தொடவே மாட்டார். கொம்பை டக்டக்கென்று தட்டியே கலவை என்கிற ஊரில் இருக்கிற மச்சான் வீட்டுக்கு நம்பர் போட்டுவிடுவார். நான்கிற்கு நான்கு தட்டு, ஒரு சின்ன இடைவெளி, ஏழுக்கு ஏழு தட்டு. பூஜ்யம் வந்தால்தான் சிரமம், பத்துத் தட்டு எண்ணவேண்டும், வெற்றிலை வாயில் இருந்தால் தப்பிவிடும் என்பார். பில் வந்து மாட்டினபோது முதலாளி அவரை வேலையை விட்டு எடுப்பார் என்று பார்த்தோம். "எப்படிடா பண்ண, பண்ணிக் காட்டு" என்று உட்காரவைத்துப் பார்த்தார்.

சரி, டிரான்ஸ்ஃபருக்கு வருகிறேன். அதில் இரண்டு தினுசு உண்டு. ஆர், எக்ஸ்டென்ஷன் நம்பர், உடனே ரிசீவரை வைத்துவிடுவது ஒன்று. ஆர், நம்பர், அந்தப் பக்கம் எடுக்கிறவரை காத்திருந்து "பெரியமேட்டுப் பார்ட்டி, பில் விஷயம், கொஞ்சம் சூடா இருக்காரு" என்று சொல்லிவிட்டு வைப்பது இன்னொன்று. எடுக்கவில்லை என்றால் மறுபடி ஆர் அழுத்தி வந்தவரிடமே திரும்பி வரலாம். முதல் தினுசுக்கு ஐந்து நொடி போதும், இரண்டாவதுக்கு முப்பது நொடி ஆகும். அக்கா முதல் தினுசைச் செய்யவே விடமாட்டாள். "எதிர்ல பேசறவன் இருட்டுல நிக்கிறான்னு நெனச்சிக்கோ. நீ இன்னா பட்டன் அமுக்கறன்னு அவனுக்குத் தெரியுமா? சொல்லிட்டு அமுக்கு" என்பாள். அவள் பேச்சை நான் இத்தனை வருஷத்தில் பல தடவை மீறியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் பார்ட்டி இரண்டு ரிங்கிற்குப் பிறகு என்னிடமே திரும்பி வந்து, முதலிலிருந்து கதை சொல்ல ஆரம்பித்தார்.

ஆபரேட்டர் என்றால் சும்மா இல்லை. அமெரிக்காவில் கான்சஸ் சிட்டியில் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்று ஒருவர், பிணத்தை எடுத்து அடக்கம் செய்யும் தொழில் பண்ணியவர், ஆபரேட்டரே வேண்டாத தானியங்கி எக்ஸ்சேஞ்சைக் கண்டுபிடித்து 1891ல் காப்புரிமை வாங்கினார். அவருக்கு வரவேண்டிய கால்களை டெலிபோன் ஆபரேட்டர் போட்டிக்காரனுக்குத் திருப்பிவிடுவதாக அவருக்குச் சந்தேகம், அந்தக் கோபத்தில்தான் உட்கார்ந்து யோசித்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். இதை அக்காவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவரு அந்தப் பொண்ணுகிட்ட எப்படிப் பேசினாருன்னு யாராவது எழுதி வெச்சிருக்காங்களா?" என்றாள்.

மியூட், ஹோல்டு. இந்த இரண்டையும் ஒன்று என்று நினைத்து மாட்டிக்கொண்டவர்கள் பட்டியல் எடுத்தால் ராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை நீளும். மியூட் அழுத்தினால் நம் வாய் மட்டும் மூடுகிறது. அவர் பேசுவது நமக்குக் கேட்கும். ஹோல்டில் போட்டால் இரண்டு பக்கமும் மூடி, அவர் காதில் பாட்டு ஓடும். அந்த ஹோல்டு பாட்டுக்கும் ஒரு கதை உண்டு. ஆல்ஃப்ரெட் லெவி என்கிற அமெரிக்கத் தொழிற்சாலை முதலாளியின் போன் ஒயர் ஒன்று கட்டடத்தின் இரும்பு உத்திரத்தில் பட்டுக்கொண்டிருந்ததாம். பக்கத்தில் ரேடியோ நிலையம். அங்கே ஓடிய பாட்டு ஹோல்டில் இருந்தவர்கள் காதில் கேட்டிருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் ஒயரைச் சரி பண்ணச் சொல்லியிருப்பார்கள். இவர் 1966ல் அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். எங்கள் பெட்டியில் இருந்தது சிட்டுக்குருவிக்கு ஜுரம் வந்த மாதிரி ஒரே எலக்ட்ரானிக் மெட்டு. திங்கட்கிழமை காலையில் நாலு தடவை கேட்டால் பார்ட்டி பாதி விலைக்குக் கொடுத்துவிடுவான் என்று மேனேஜர் சொல்வார்.

அந்த மேனேஜருக்கு ஹோல்டும் பிடிக்காது, மியூட்டும் பிடிக்காது. உள்ளங்கைதான் அவருக்கு மியூட். ரிசீவரின் வாய்ப்பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு எங்களிடம் பேசுவார். ஒரு நாள் பேரம் நடந்துகொண்டிருந்தது. கை பொத்தியபடி என்னைப் பார்த்து, "சதுர அடிக்கு ரெண்டு ரூபா ஏத்திச் சொல்றேன், ஒரு ரூபாயில படிஞ்சிடும்" என்றார். கையை எடுத்தார். நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், எனக்கே கேட்டது அந்தப் பக்கத்துச் சிரிப்பு. "ரெண்டு எதுக்குங்க, ஒரு ரூபாயிலயே முடிச்சிடலாம்." அன்றைக்கே முடிந்தது. மேனேஜர் மியூட் பட்டன் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டது மறுநாள்.

ஸ்பீக்கர் பட்டனைப் பற்றி நான் நல்லதாக எதுவும் சொல்லப்போவதில்லை. சாதாரண மேஜை போனில் ஸ்பீக்கரில் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் பேசமுடியும். இவர் ஆரம்பித்தால் அவர் குரலைப் போன் விழுங்கிவிடும். இரண்டு பேரும் மாறி மாறிக் கத்துவார்கள். ஷாப்பில் தோலைப் போட்டுச் சுழற்றுகிற ட்ரம் ஓடும் சத்தமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். டயல் டோன் வருகிறதா, அந்தப் பக்கம் மணி அடிக்கிறதா என்று கேட்க ஸ்பீக்கர் சரி. ஆள் வந்ததும் ரிசீவரை எடுத்துவிடுங்கள்.

எங்கள் கேஷியர் கால்குலேட்டரிலேயே வாழ்ந்தவர். கால்குலேட்டரில் 7, 8, 9 மேல் வரிசை. போனில் 1, 2, 3 மேல் வரிசை. பட்டன் போன் வந்த காலத்தில் அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தார் பல விதமாக அடுக்கி ஆட்களை அழுத்தவைத்துப் பார்த்து இந்த வரிசையைத் தேர்ந்தெடுத்தார்கள். 1963 நவம்பரில் முதல் பட்டன் போன் விற்பனைக்கு வந்தது. எங்கள் கேஷியருக்கு அதெல்லாம் கவலை இல்லை, அவர் கை கண்ணைப் பார்க்காது. அவர் வேலூர் பேங்குக்குக் கூப்பிட 0416 என்று அழுத்துவதாக நினைத்து அழுத்துவது 0476. கால்குலேட்டரில் 1 இருக்கும் மூலையில் போனில் 7 இருக்கிறது. 0476 கேரளாவில் கருநாகப்பள்ளி. ஒரு நாள் மதியம் ரிசீவரைக் காதில் வைத்தவர் முழித்தார். "நம்ம பேங்க்ல மலையாளத்துக்காரர் யாராவது புதுசா வந்திருக்காரா?" என்று கேட்டார். அவருக்கு வழி சொன்னவளும் அக்காதான். போனில் 5 நம்பர் பட்டன் மேல் ஒரு புள்ளி துருத்திக்கொண்டிருக்கும். நடுவிரலை அதில் வைத்துக்கொண்டு, அதற்கு மேலே என்றால் 2 என்று மனதில் சொல்லிக்கொள்ளச் சொன்னாள். அக்கா அந்தப் புள்ளியை மட்டும் வைத்துக்கொண்டு, கண் ரெஜிஸ்டரில் இருக்க, நம்பர் போடுவாள்.

அக்காவின் இந்தப் பழக்கம் மின்வெட்டு இருட்டில் உதவியது. 2012ல் எங்கள் பக்கம் கரண்ட் எப்போது இருக்கும் என்று கேட்பதுதான் சுலபம், எப்போது இருக்காது என்று கேட்டால் பதில் நீளம். ஈபிஏபிஎக்ஸ் பெட்டி கரண்ட்டில் ஓடுவது. அதன் பேட்டரி இறங்கிவிட்டால் உள்ளே இருக்கிற அத்தனை எக்ஸ்டென்ஷனும் ஊமை. ஆனால் வெளி லைனுக்கு வேண்டிய மின்சாரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்தே அந்த இரண்டு ஒயரில் வருகிறது. பெட்டி செத்துப்போனால் அந்த வெளி லைனை நேராக ஒரே ஒரு போனுக்குக் கொடுத்துவிட்டுச் சாகும்படி செய்திருப்பார்கள். அந்த ஒரு போன் அக்காவின் மேஜையில். கத்திரி வெயிலில், ஃபேன் நின்று, ரிசீவர் வியர்வையில் வழுக்க, மேனேஜரிலிருந்து முதலாளி வரை அவள் மேஜைக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருத்தர் பேசி முடித்ததும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ரிசீவரைத் துடைத்துத்தான் அடுத்தவருக்குக் கொடுப்பாள். முதலாளிக்கும் சேர்த்துத்தான்.

ரிசீவரின் சுருள் ஒயர் முறுக்கிக்கொள்வதற்கும் காரணம் உண்டு. வலது கையால் எடுத்து, எழுதுவதற்காக இடது காதுக்கு மாற்றி, பேசி முடித்து அப்படியே வைக்கிறோம். ஒவ்வொரு காலுக்கும் ஒரு முறுக்கு. சனிக்கிழமை மாலை அக்கா எல்லா மேஜைக்கும் வந்து ரிசீவரை ஒயரைப் பிடித்துத் தொங்கவிடுவாள். அது தானாகச் சுழன்று சுழன்று பிரியும். அது நிற்கிறவரை பேசிக்கொண்டிருப்போம். வாரத்தில் அந்த ஐந்து நிமிஷம் ஆபீசில் யாரும் வேலை செய்ததில்லை.

கால் ஃபார்வேர்டு பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை: போட்டவன் எடுக்கவேண்டும். மேனேஜர் ஒரு நாள் குடோனில் ஸ்டாக் பார்க்கப்போகையில் தன் போனை அங்கே திருப்பிவிட்டுப் போனார். வந்தபிறகு எடுக்க மறந்துவிட்டார். ரிசீவரை எடுத்தால் டயல் டோன் வழக்கம்போல இல்லாமல் விட்டு விட்டு வரும், ஃபார்வேர்டு போட்டிருக்கிறது என்று ஞாபகப்படுத்துவதற்காக. அவர் ரிசீவரை எடுத்தால்தானே. இரண்டு நாள் அவருக்கு வந்த கால் எல்லாம் வாட்ச்மேனிடம் போனது. அவர் எல்லாருக்கும் மரியாதையாகப் பதில் சொல்லியிருக்கிறார். வாணியம்பாடிப் பார்ட்டி ஒருவர் அவருடைய மூட்டுவலிக்கு எண்ணெய் பெயர்கூடச் சொல்லியிருக்கிறார்.

அப்புறம் ஸ்டார், ஹேஷ். ஒவ்வொரு பட்டனும் இரண்டு சுரத்தைச் சேர்த்து ஒலிக்கிறது. குறுக்கு வரிசைக்கு ஒன்று, நெடுக்கு வரிசைக்கு ஒன்று. 5 என்றால் 770 ஹெர்ட்ஸும் 1336 ஹெர்ட்ஸும் ஒன்றாக. இரண்டு இருப்பதால்தான் நாம் பேசுகிற பேச்சைப் பெட்டி நம்பர் என்று ஏமாறுவதில்லை. ஸ்டாரும் ஹேஷும் முதல் பட்டன் போனில் கிடையாது, 1968ல்தான் சேர்ந்தன. போனுக்கு அடியில் டோன், பல்ஸ் என்று ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும். அது பல்ஸில் இருந்தால் பட்டன் போனும் பழைய டயல் போன் மாதிரி கரண்ட்டை வெட்டித்தான் நம்பர் சொல்லும். கால் போய்விடும், ஆனால் "தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்" என்று மெஷின் கேட்டால் ஒன்றை எத்தனை தடவை அழுத்தினாலும் அதற்குக் கேட்காது. குடோன் ஆள் ஒரு மதியம் முழுக்க ஒன்றை அழுத்திவிட்டு வந்து, "அந்தப் பொண்ணு காதுல வாங்கவே மாட்டேங்குது சார்" என்றார். பல போனில் ஸ்டாரை ஒரு தடவை அழுத்தினால் அந்தக் காலுக்கு மட்டும் டோனுக்கு மாறிக்கொள்ளும்.

ஊர்ப் பெயர் மாறிக்கொண்டே இருந்தது. எங்கள் கண்ணாடிக்கு அடியில் இருக்கிற எக்ஸ்டென்ஷன் லிஸ்ட், அக்கா கையால் பழைய லெட்டர்பேடின் பின்பக்கத்தில் எழுதியது. திருப்பினால் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று இருக்கும். 1989ல் திருவண்ணாமலை பிரிந்தபோது வந்த பெயர். அப்புறம் வேலூர் மாவட்டம் ஆனது, 2019ல் ராணிப்பேட்டை தனி மாவட்டமாகவே ஆகிவிட்டது. லெட்டர்பேடு அச்சடித்தவர் சம்பாதித்தார். 04172 மட்டும் நான் சேர்ந்த நாளிலிருந்து அப்படியே இருக்கிறது.

நம்பர் போடும் முறைதான் 2021 ஜனவரி 15ல் மாறியது. லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்குக் கூப்பிட முன்னால் ஒரு 0 சேர்க்கவேண்டும் என்றார்கள். எங்களுக்கு வெளி லைன் எடுக்கவே ஒரு 0. ஆக, இரண்டு 0, அப்புறம் பத்து இலக்கம். மெமரி பட்டனில் சேமித்துவைத்த நம்பர் எல்லாம் ஒரே நாளில் வீண். எல்லா போனிலும் மறுபடி பதிந்தது நான்தான். முதல் 0க்கும் இரண்டாவது 0க்கும் நடுவில் பாஸ், அதாவது கொஞ்சம் பொறு என்கிற பட்டனை அழுத்திச் சேமிக்கவேண்டும். வெளி டயல் டோன் வருவதற்கு முன்பே போன் அவசரப்பட்டு நம்பரைக் கொட்டிவிட்டால் முதல் இலக்கம் தொலைந்துபோகும். அக்கா அதற்கு முன்பே ரிட்டயராகி விட்டிருந்தாள். போனில் கூப்பிட்டுச் சொன்னேன். "பாஸ் போட்டியா?" என்பதுதான் முதல் கேள்வி.

அந்தப் புதுப் பெண்ணுக்கு இதையெல்லாம் இந்த வரிசையில் நான் சொல்லவில்லை. டீ வேளையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். அவளுக்குப் பிடித்தது பிக்கப்தான். பக்கத்து மேஜையில் போன் அடித்து ஆள் இல்லை என்றால் எழுந்து ஓடவேண்டியதில்லை. தன் ரிசீவரை எடுத்து, எங்கள் பெட்டியில் 4 அழுத்தினால் அந்தக் கால் இங்கே வந்துவிடும். ஒவ்வொரு பெட்டிக்கும் நம்பர் வேறு; உங்கள் ஆபீசில் கேட்டுக்கொள்ளுங்கள். "மந்திரம் மாதிரி இருக்குது சார்" என்று இரண்டு நாள் யாருடைய போனையும் அடிக்கவே விடவில்லை. கேன்டீனுக்கு வந்த பிரியாணி ஆர்டரைக்கூட எடுத்துவிட்டாள்.

லிஸ்டில் கடைசி வரி 227, பழைய ட்ரம் ஷெட். அதைப் பூட்டி ஆறு வருஷம் ஆகிறது. வாட்ச்மேன் தட்டித் தட்டிக் கலவைக்குப் பேசிய டயல் போன் அந்த அறையில்தான் இருக்கவேண்டும். போன வெள்ளிக்கிழமை மாலை, எல்லாரும் கிளம்பிவிட்டார்கள் என்று நினைத்து, என் மேஜையிலிருந்து சும்மா 227 போட்டுப் பார்த்தேன். லைன் செத்துப்போயிருக்கும் என்று நினைத்தேன். இல்லை. மணி போயிற்று. இரண்டு ரிங், ஒரு இடைவெளி, இரண்டு ரிங். பூட்டிய ஷெட்டில் அந்தப் பழைய மணி கணகணவென்று அடிப்பதை யோசித்துக்கொண்டு ரிசீவரைப் பிடித்திருந்தேன். ஐந்தாவது ரிங்கில் யாரோ எடுத்தார்கள். எனக்குக் கை சில்லிட்டுவிட்டது.

"வணக்கம், ட்ரம் ஷெட்டுங்க. அங்க யாரும் இல்ல, மணி அடிச்சிக்கினே இருந்துது, நான் இங்கேருந்து எடுத்தேன். யாரு வேணும் உங்களுக்கு?"

நான் ஒன்றும் பேசவில்லை.

"ஒரு நிமிஷம் லைன்ல இருங்க சார், ஹோல்டுல போடறேன்" என்றாள். சிட்டுக்குருவி ஆரம்பித்துவிட்டது.